சிவக்கொழுந்தின் அடுப்புக்கரி

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு பெரிய வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறையும் ஒரு தகரக் கொட்டிலும் வாடகைக்கு எடுத்து இருந்தவள் சிவக்கொழுந்து. அவள் பெயர் ஒழுங்கையில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. "பார்சல் அக்கா" என்றால்தான் தெரியும். லொட்ஜுகளில் பாஸ்போட்டுக்கும் விசாவுக்கும் காத்துக் கிடக்கிற யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு மத்தியானச் சோறு கட்டிக் கொடுப்பது அவள் தொழில். சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு குழம்பு, ஞாயிறென்றால் மட்டும் ஒரு முட்டை. வாங்கிப் போகிறவர்கள் சண்டை பிடித்ததில்லை. "அக்காவின்ர பருப்புக்காக விசா கிடைக்காட்டிலும் பறவாயில்லை" என்று ஒரு பொடியன் சொல்லிவிட்டு, அடுத்த கிழமையே கனடாவுக்கு ஏறிப் போனான்.

இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய், வவுனியா முகாமில் கிடந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் அவளும் புருஷன் நாகேந்திரமும். பிள்ளைகள் இல்லை. நாகேந்திரம் முன்பும் துணிக்கடையில்தான் நின்றவர். காலி வீதியில் மஹ்ரூப் முதலாளியின் புடவைக்கடையில் அவருக்கு வேலை கிடைத்ததே அவருடைய விரல்களால்தான். கண்ணை மூடிக்கொண்டு துணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு தரம் உருட்டிப் பார்த்து, இது வொயில், இது பொப்லின், இதில் நைலோன் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மஹ்ரூப் மொத்த வியாபாரிகளிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டுதான் போவார்.

நாள் முழுக்க மின்சாரம் வெட்டிய வருஷம் அது. காஸ் கட்டுப்படியாகாது, மண்ணெண்ணெய்க்கு வரிசை. சிவக்கொழுந்து கொட்டிலுக்குள் மூன்று கல் வைத்து விறகில்தான் சமைத்தாள். மழைக்காலத்தில் விறகுக் கடையில் வாங்கும் இறப்பர்க் கட்டைகள் அழுதுகொண்டு எரியும். ஊதி ஊதி அவளுக்கு நெஞ்சு நொந்துபோகும்.

அந்த நேரத்தில்தான் றேமண்ட் அவளுக்கு உதவிக்கு வந்தான். கொட்டாஞ்சேனைக்காரன். நகரத்துக்கு வெளியே, மின்கம்பங்களுக்கு மரம் பதப்படுத்துகிற ஒரு கிடங்கில், யாட் என்பார்கள், லொறி ஓட்டினான். காலி வீதியால் கம்பம் ஏற்றிக்கொண்டு போகிற நாட்களில் ஒழுங்கை வாசலில் நிறுத்தி, அவளிடம் பார்சல் வாங்கிச் சாப்பிடுவான். ஒரு நாள் அவள் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது லொறியிலிருந்து ஒரு குவியல் கட்டைத் துண்டுகளை இறக்கிவிட்டான்.

"அக்கா, இது சும்மா விறகில்லை. லைற் கம்பத்துக்கு மருந்து ஏத்தின மரம். அளவுக்கு வெட்டேக்க மிஞ்சின துண்டு. மண்ணுக்குள்ள முப்பது வருஷம் நிண்டாலும் கறையான் கிட்ட வராது."

"கறையான் வராட்டி எனக்கென்னடா? நான் எரிக்கத்தானே போறன்."

"அதுதான் சொல்றன். புழு இல்லை, பூச்சி இல்லை, காஞ்சு முறுகிக் கிடக்குது. யாட்டில மலை மாதிரிக் குவிஞ்சிருக்கு, கேட்பார் இல்லை. என்ர மனுசி பிறிஜெற், காஸ் எண்டாத்தான் குசினிக்குள்ள காலே வைப்பாள், மகாராணி."

"நீ அவளைப் பழக்கி வைச்ச வடிவு அப்பிடி."

மரம் இலேசான பச்சை நிறமாக இருந்தது. பற்றவைத்தவுடன் பிடித்து, நின்று எரிந்தது. சிவக்கொழுந்துக்கு அது பெரிய நிம்மதி. கிழமைக்கு ஒரு தரம் றேமண்ட் கொண்டுவந்து போட்டான். அவள் அவனுக்குப் பார்சலில் இரண்டு முட்டை வைத்துக் கட்டினாள்.

அடுப்பிலிருந்து வருகிற எதையும் எறிந்து பழக்கமில்லாதவள் அவள். சாம்பலைத் தென்னந்தும்பில் தொட்டு அலுமினியச் சட்டிகளை விளக்கினாள். முகம் பார்க்கலாம் போல் மினுங்கின. கொட்டில் ஓரத்தில் பழைய பெயின்ற் வாளிகளில் பசளிக் கீரையும் பொன்னாங்காணியும் நட்டிருந்தாள். வேரடியில் சாம்பல் தூவினாள். நத்தைகள் ஏறாமல் விட்டுவிட்டன. மிச்சச் சாம்பலை வீட்டுக்காரியின் மதிலோர வடிகானில் கொட்டினாள். கரியை நாகேந்திரத்தின் பல்லுக்கு எடுத்துவைத்தாள்.

நாகேந்திரம் பிறந்ததிலிருந்து உமிக்கரியால் பல் விளக்கினவர். கொழும்பில் உமிக்கு எங்கே போவது? பற்பசையை அவருக்குப் பிடிக்காது. "வாய்க்குள்ள இனிப்புக் கரையிற மாதிரிக் கிடக்கு, பல்லு விளக்கின மாதிரி இல்லை" என்பார். சிவக்கொழுந்துக்குப் பல்முரசு மெலிவு. கரி பட்டால் இரத்தம் வரும். ஆகையால் பற்பசை அவளுக்கு, கரி அவருக்கு. அடுப்புக் கரியை அம்மியில் வைத்து இடித்து, சீலையில் அரித்து, வறுத்த உப்பும் இரண்டு கராம்பும் சேர்த்து ஒரு ஜாம் போத்தலில் அடைத்துக் கொடுப்பாள். காலையும் மாலையும் அவர் அதை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். அவர் பல் விளக்குவது ஒரு சின்னப் பூசை போல நீளும்.

முதலில் அவருக்கு வயிறுதான் குழம்பியது. சாப்பிட்டது தங்கவில்லை. கொழும்புத் தண்ணீர் என்றார்கள். பிறகு உள்ளங்காலில் எறும்பு ஊருகிறது என்றார். அவள் காலைப் பிடித்துப் பார்த்தாள். எறும்பு ஒன்றும் இல்லை. தலைமயிர் சீப்போடு வந்தது. முதுகுத் தோல் கறுத்து, அதற்குள் மழைத்துளி விழுந்த மணல் போல வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. பக்கத்து டிஸ்பென்சரியில் இரத்தத்தில் சீனி பார்த்தார்கள்; இல்லை. "டென்ஷன், எல்லா யாழ்ப்பாண ஆக்களுக்கும் இப்ப இதுதான்" என்று விற்றமின் ஊசி போட்டுவிட்டார்கள். அது பொய்யாகவும் படவில்லை. பொலிஸ் பதிவு, இரவுச் சோதனை, ரயிலில் குண்டு என்று நாளுக்கொரு செய்தி. டென்ஷன் இல்லாத தமிழன் எங்கே இருந்தான்?

சிவக்கொழுந்துக்கும் இருமல் விட்டபாடில்லை. கண் எந்நேரமும் எரிந்தது. அதைப் புகையின் கணக்கில் போட்டாள். அவரைத்தான் கவனித்தாள். கஞ்சி வைத்தாள். இரத்தம் ஊறட்டும் என்று வாளிக் கீரையை ஒடித்து ஒரு நாள் தப்பாமல் கடைந்து கொடுத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் மஹ்ரூப் முதலாளி நாகேந்திரத்தைத் தன் வானில் ஏற்றி, கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

"தங்கச்சி, நீங்க பயப்பட வாணாம். ஆள் விழல்ல ஒண்டும் இல்ல. ஆனா கையில என்னமோ கோளாறு ஈக்கி. கல்யாணச் சேலையோட வந்த பிளவுஸ் துண்ட வெட்டக் குடுத்தேன், கத்தரிக்கோல் கோணலாப் பெய்த்து. அதுவும் பரவாயில்ல. பொப்லினத் தொட்டுப் பாத்து வொயில் எண்டு சொல்றாரே, அதத்தான் எனக்குத் தாங்க ஏலல்ல."

நாகேந்திரம் கட்டிலில் இருந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய சேலைத் தலைப்பை எடுத்து உருட்டினார். "ஒண்டும் தெரியேல்லை, கொழுந்து" என்றார்.

பெரியாஸ்பத்திரியில் வாட்டில் சேர்த்தார்கள். மரியகொறற்றி என்று மன்னார்ப் பக்கத்து இளம் டொக்டர் ஒருத்தி. அவள்தான் நாகேந்திரத்தின் கைநகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பத்து நகத்திலும் குறுக்கே வெள்ளைக் கோடுகள். சிறுநீரும் மயிரும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்த அன்று சிவக்கொழுந்தைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, இது ஆர்சனிக். எங்கட ஆக்கள் பாஷாணம் எண்டு சொல்லுற சாமான். கொஞ்சம் கொஞ்சமா, கன மாசமா உள்ள போயிருக்குது. வீட்டில சமைக்கிறது ஆர்?"

"நான்தான்."

"வேற ஆரும்? கடைச் சாப்பாடு?"

"கடைச் சாப்பாடோ? அவர் தொடமாட்டார், டொக்டர். இருபத்தாறு வருஷமா என்ர கைச் சாப்பாடுதான்."

பெருமையோடுதான் சொன்னாள். சொல்லி முடிந்து, டொக்டரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கேள்வி விளங்கியது.

இப்படியான செய்திக்குக் கால் முளைக்க நேரம் தேவையில்லை. நாகேந்திரத்தின் அக்கா கனகேஸ்வரி கொட்டாஞ்சேனையில் இருந்தாள். அன்று பின்னேரமே வாட்டுக்கு வந்து, தம்பியின் கட்டிலுக்கும் சிவக்கொழுந்துக்கும் நடுவில் கதிரையைப் போட்டு இருந்தாள்.

"இஞ்ச துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட கையோட தம்பி என்னோட வரட்டும்."

"ஏன் மச்சாள்? நான் பாக்கமாட்டனே?"

"நீ பாத்தது காணும். நான் உன்னை ஒண்டும் சொல்லேல்லை. டொக்டர் சொன்னதைத்தான் சொல்றன். கறிச்சட்டிக்குள்ள பாஷாணம் தானா நடந்து போய் விழாது."

சிவக்கொழுந்து புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்ச நாள் அக்காவோட நிண்டிட்டு வாறன்" என்றார். அவளிடம் சொன்னாரா, போத்தலிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

அந்த வார்த்தை அவளைச் சுட்டது போல் வேறெதுவும் சுடவில்லை. லொட்ஜ்காரர் பார்சலை நிறுத்தியது கூட அவ்வளவு நோகவில்லை. நேரே ஒருவரும் சொல்லவில்லை. ஒருவருக்கு வயிறு சரியில்லை, ஒருவர் விரதம், ஒருவர் சொந்தக்காரர் வீட்டில் சாப்பாடு. ஒரு கிழமைக்குள் முழு லொட்ஜுக்கும் விரதம் வந்துவிட்டது. பெரிய சட்டிகளை விளக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தனக்கு ஒரு கைப்பிடி அரிசி போட்டுச் சமைத்தாள். எங்கே பிழைத்தது என்று யோசித்து யோசித்து மூளை காய்ந்தது. உப்பு, தூள், எண்ணெய், தண்ணீர் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தாள். எல்லாம் அவளும் சாப்பிடுகிறதுதானே?

கொட்டாஞ்சேனையிலிருந்து றேமண்ட் செய்தி கொண்டுவந்தான். நாகேந்திரத்துக்குச் சாப்பாடு தங்குகிறதாம். முற்றத்தில் பிடித்துப் பிடித்து நடக்கிறாராம்.

"நல்லா வந்தால் சரி" என்றாள். சந்தோஷந்தான். ஆனால் அவர் அங்கே தேறத் தேற இங்கே அவள்மீது குற்றம் இறுகியது. அதை அவள் றேமண்டுக்குச் சொல்லவில்லை.

"அக்கா, அண்ணை ஒண்டு கேட்டவர். அவை வீட்டுப் பற்பசையில வாய் விளக்கின மாதிரி இல்லையாம். கரிப்பொடி இருந்தாக் குடுத்துவிடட்டாம்."

அவர் கேட்டிருக்கிறார். அவள் கையிலிருந்து ஒன்றை, அவள் கையிலிருந்துதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். றேமண்டை வாசல் குந்தில் இருத்திவிட்டு, அடுப்பைக் கிளறி நல்ல கரியாகப் பொறுக்கி இடித்தாள். சீலையை இரண்டாக மடித்து அரித்தாள். கராம்பைக் கூட்டிப் போட்டாள். போத்தல் வாய் முட்ட அடைத்து, மேலே பேப்பர் சுற்றி நூலால் கட்டிக் கொடுத்தாள்.

பத்துப் பதினைந்து நாளில் நாகேந்திரம் மறுபடியும் விழுந்தார். இந்த முறை வாந்தியில் இரத்தம் வந்தது; கால் இரண்டும் முழங்கால் வரைக்கும் செத்துப்போயின. கனகேஸ்வரி மூளையுள்ளவள். அவள் வீட்டுச் சமையலையே எல்லாரும் சாப்பிட்டார்கள். தம்பிக்கு மட்டும் தனியாக வந்தது ஒன்றே ஒன்றுதான். போத்தலைப் பையில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். போத்தலுக்குள் பாஷாணம் இருந்தது. ஆஸ்பத்திரி பொலிஸுக்கு அறிவித்தது.

பொலிஸார் வந்தபோது சிவக்கொழுந்து மஹ்ரூப்புக்கு ஆள் அனுப்பினாள். வேறு யார் அவளுக்குச் சிங்களம் கதைப்பார்கள்? அந்த நாளில் தமிழ்ப் பெண்ணொருத்தியின் வீட்டில் பொடி என்றால் நஞ்சு இரண்டாவது கேள்விதான். குண்டு மருந்தா என்பது முதற் கேள்வி. தலையணையைக் கிழித்தார்கள். அரிசி வாளியைக் கவிழ்த்தார்கள். கொட்டிலில் சாக்கில் கட்டியிருந்த சாம்பலை ஒருவன் துவக்கு முனையால் குத்திப் பார்த்தான்.

"என்ன பொடி எண்டு கேக்கிறாரு, தங்கச்சி."

"அடுப்புக்கரி எண்டு சொல்லுங்கோ."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். மஹ்ரூப் அதை மொழிபெயர்க்கவில்லை.

சிவக்கொழுந்துக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. அடுப்புக்குள் கையை விட்டு ஒரு கரித்துண்டை எடுத்தாள். அவர்களுக்கு முன்னால் அம்மியில் வைத்து இடித்தாள். அரிக்கவில்லை. விரலில் தொட்டு வாய்க்குள் விட்டுப் பல்லைத் தேய்த்தாள். முரசு வெடித்துக் கடைவாயில் இரத்தம் வழிந்தது. "பாருங்கோ! இதுதான் குடுத்தனான்! இதுதான்!"

மஹ்ரூப் அவள் கையை எட்டிப் பிடித்தார். அந்நியப் பெண்ணின் கையைத் தொட்டறியாத மனுஷன். "துப்புங்க தங்கச்சி, துப்புங்க, கொப்புளிங்க" என்று கெஞ்சினார்.

இன்ஸ்பெக்டர் பிறகு சிரிக்கவில்லை. கரியிலும் சாம்பலிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவளை ஸ்டேஷனில் வைத்து விசாரித்து, மஹ்ரூப் பொறுப்பெடுத்த பிறகு விட்டார்கள். இரண்டாம் நாள், கரியிலேயே பாஷாணம் என்று முடிவு வந்ததும், மரியகொறற்றி அவளை வரவழைத்து ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, நீங்கள் என்ன விறகு எரிக்கிறியள்?"

"நல்ல விறகு, டொக்டர். லைற் கம்பத்துக்கு மருந்து ஏத்தின மரம்."

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள்: கறையான் அரிக்காமலிருக்க அந்த மரத்துக்குள் ஏற்றுகிற மருந்திலேயே ஆர்சனிக் இருக்கிறது. எரித்தால் அது அழியாது. கொஞ்சம் புகையோடு போகும், மிச்சம் கரியிலும் சாம்பலிலும் திரண்டு நிற்கும்.

"கீரைக்கும் போட்டனான்."

"அந்தக் கீரையையும் சாப்பிடக் கூடாது. மண்ணையும் தொடாதேங்கோ. உங்களையும் சோதிக்க வேணும், அந்த இருமல் சும்மா இருமல் இல்லை."

"என்னை விடுங்கோ. அப்ப நான்தான் குடுத்திருக்கிறன்."

"நீங்கள் அறிஞ்சு குடுக்கேல்லையே, அம்மா."

"அறியாமக் குடுத்தாலும் போனது அவற்ற வாய்க்குள்ளதானே, பிள்ளை."

பொலிஸ் அவளை விட்டுவிட்டது. யாட்டுக்கு யாரோ போனார்களாம், யாரோ எழுதிக்கொண்டு வந்தார்களாம். றேமண்ட் அதற்குப் பிறகு ஒரு நாள்தான் வந்தான். கொட்டில் வாசலில் நின்றபடியே உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். சோளப் பொரி ஒட்டினது போல் தடித்த காய்ப்புகள்.

"லொறி ஸ்ரியறிங் பிடிச்சு வந்தது எண்டு நினைச்சனான், அக்கா. யாட்டில எல்லாருக்கும் கிடக்குது. ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை."

"உள்ள வந்து இரு."

அவன் இருக்கவில்லை. அவளும் இரண்டாந்தரம் கூப்பிடவில்லை.

மிஞ்சிய சாம்பல்தான் பெரிய வில்லங்கமானது. வீட்டுக்காரி அதை உடனே அகற்றச் சொன்னாள். மாநகரசபைக் குப்பை லொறிக்காரர் ஏற்றமாட்டோம் என்றார்கள். சாம்பல் நிறப் பொடியை ஒரு சாக்கு நிறையத் தூக்கிக்கொண்டு எந்தத் தமிழிச்சி எந்தச் செக்பொயின்ற்றைத் தாண்டுவாள்? கொட்டில் மூலையில் தார்ப்பாயால் மூடி வைத்தாள். அதற்கு முன்பு ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் கானில் கொட்டியதெல்லாம் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து வாய்க்காலுக்கும், அங்கிருந்து கடலுக்கும் போயிருந்தது. மதிலோரத்தில் நின்ற வீட்டுக்காரியின் கறிவேப்பிலை உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. வாளிகளில் பசளி மட்டும் ஒன்றும் அறியாதது போல் தளதளவென்று நின்றது. சிவக்கொழுந்து அதைப் பிடுங்கிப் பையில் கட்டிச் சாக்குக்குப் பக்கத்தில் போட்டாள். பார்சல் தொழில் திரும்பி வரவில்லை. உண்மை தெரிந்தவர்கள் வந்து மன்னிப்பும் கேட்டார்கள், ஆனால் சாப்பாட்டைக் கேட்கவில்லை.

நாகேந்திரத்தைக் கனகேஸ்வரியே ஓட்டோவில் கொண்டுவந்து விட்டாள். பிளாஸ்கில் கோப்பியும் கொண்டுவந்திருந்தாள்.

"என்ன செய்யிறது மச்சாள், நான் கூடப்பிறந்தவள்" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

"ஓம் மச்சாள். இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்."

"இல்லை, வேண்டாம். கோப்பி கிடக்கு" என்று கனகேஸ்வரி அவசரமாகச் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே முகம் சுருங்கியது.

நாகேந்திரம் தடியை ஊன்றி, பஞ்சு மூட்டையில் மிதிப்பவர் போல் நடந்தார். விரல்கள் திரும்பாது என்று டொக்டர் சொல்லியிருந்தாள்; நெஞ்சும் பழுதுபட்டிருந்தது. மஹ்ரூப் முதலாளி வந்து பார்த்துவிட்டு, கடைக்கு வந்து சும்மா இருந்தாலே போதும் என்றார். நாகேந்திரம் சிரித்துவிட்டு, போகமாட்டேன் என்று தலையாட்டினார்.

அன்று மத்தியானம் சிவக்கொழுந்து புதிதாக வாங்கிய மண்ணெண்ணெய் அடுப்பில் சோறும் பருப்பும் வைத்தாள். புதுச் சட்டி. கனகேஸ்வரி போன பிறகு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, பருப்பு விட்டு, அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தார். கை சோற்றுக்கு மேலே வந்து நின்றது.

நின்றது கொஞ்ச நேரந்தான். வேறு யாரும் கண்டிருக்க மாட்டார்கள். அவர் எல்லாம் அறிந்தவர். டொக்டர் விளங்கப்படுத்தியபோது தலையாட்டினவர். அவளில் பிழையில்லை என்று பொலிஸுக்கும் சொன்னவர். கைதான் நின்றது.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருக்கு முன் ஒரு பருக்கை வாயில் வைத்தறியாதவள் சிவக்கொழுந்து. அவருக்கு எதிரே இருந்தாள். அவருடைய கோப்பையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் குழைத்து வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள்.

"என்ன கொழுந்து இது?" என்றார், அவளைப் பார்க்காமல்.

"உப்புப் பாத்தனான்."

"காணுமோ?"

"காணும். சாப்பிடுங்கோ."

அவர் சாப்பிட்டார். இரவு புட்டுக்கும் அவள் உப்புப் பார்த்தாள். அடுத்த நாளும் பார்த்தாள். தேத்தண்ணீரில் சீனி பார்த்தாள். வேண்டாம், விடு என்று ஒரு நாளைக்குச் சொல்லுவார் என்றுதான் இருந்தாள். அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து கோப்பைக்கு முன்னால் இருப்பார்; அவள் விழுங்கும்வரை காத்திருப்பார்; அதற்குப் பிறகுதான் அவருடைய மரத்துப்போன விரல்கள் சோற்றுக்குள் இறங்கும்.